பிடி அரிசியும் வடித்த சோறும்

1

மதுரையில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டில் மரத்துக்கு மரம் பணம் காய்க்கிறது என்று செல்லூரில் யாரோ சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். இங்கே ரப்பர் மரத்தைக் கீறினால் பால்தான் வடிகிறது. அந்தப் பாலையும் வாங்க ஆள் இல்லாத காலம் இது. நாங்கள் சிரம்பானில், ரயில்வே குவார்ட்டர்ஸில், இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாகக் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் சரக்குக் கிராணி. நம்மூரில் குமாஸ்தா என்போமே, அதைத்தான் இங்கே கிராணி என்கிறார்கள். ஒரே மகள் லில்லி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியை அளந்து, களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி, மூலையில் இருக்கும் மண்பானையில் போடப் போனேன். லில்லி பள்ளிக்கூட உடுப்போடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

“அம்மா, சீஷன்னா யாரு? வீட்ல கேட்டுட்டு வாங்கன்னு ஐயர் சொன்னாரு. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

அவள் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள், நற்கருணை வாங்கத் தகுதியாவதற்கான படிப்பு அது. மதுரையில் எங்கள் சபையில் இந்தப் பெயரே கிடையாது. இங்கே எந்தச் சபைக்காரர் ஆனாலும் தமிழர் எல்லாருக்கும் ஒரே கோயில், மாதம் ஒரு தடவை வந்துபோகும் ஒரே தமிழ்ப் போதகர், அவரைத்தான் ஐயர் என்கிறோம், அதனால் அவர் வழிதான் எங்கள் வழி. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே மனப்பாடம்.

“ஆண்டவருக்குப் பின்னால நடக்கிறவங்க” என்றேன்.

“சும்மா நடந்தாப் போதுமா?”

“அவரு செஞ்சத நாமளும் செய்யணும்.”

“அப்போ நீ சீஷியாம்மா?”

அடி பாதகத்தி! எதிர்க்கேள்வி கேட்கிற இந்தத் திண்ணக்கமெல்லாம் இவளுக்கு எங்கிருந்து வந்ததோ. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். முடியவில்லை. கையில் இருந்த அரிசியைப் பானையில் போடவும் மனம் வரவில்லை, உலையில் போடவும் மனம் வரவில்லை. போன வருஷம் இதே மாதத்தில்தான் அந்தப் பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் பானையின் கதையைச் சொல்ல வேண்டும்.

2

பிடி அரிசி என்றால் நம் சபைப் பெண்களுக்கு விளக்கம் வேண்டாம். வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். அது ஆண்டவருடையது. ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுபோனால், விதவைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள். தின்று மிஞ்சியதைக் கொடுப்பதல்ல, தின்னும் முன்னே எடுத்து வைப்பது. அரிசி தட்டுப்பாடான நாளிலும் என் அம்மாவின் பிடி சிறுத்ததில்லை. எங்கள் தட்டுத்தான் சிறுத்தது. எனக்கு அதில் கோபம் உண்டு, பெருமையும் உண்டு.

செல்லூரில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஞாயிறன்று மட்டும் எங்கள் காதுக்கு அது கேட்காதது போலிருக்கும், ஏனென்றால் விடிந்ததும் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வைகையில் இறங்கிவிடுவோம். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலிலேயே நடந்து அக்கரைக் கோயிலுக்குப் போய்விடலாம். போகும்போது குளிர்ந்து கிடக்கும் மணல், திரும்பும்போது காலைப் பொசுக்கிவிடும்.

இங்கே வந்த புதிதில் அதே நினைப்பில் ஒரு பை அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சபைச் செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு ஏற்கெனவே என்மேல் சந்தேகம். மதுரையிலிருந்து வந்த சபை மாற்றுச் சீட்டில் என் பெயர் ஒரு மாதிரியும், கப்பல் சீட்டில் வேறு மாதிரியும் இருந்ததாம். சீட்டைத் திருப்பி அனுப்பினார். அது கப்பலேறிப் போய், திருத்தி, மறுபடி கப்பலேறி வரும்வரை நான் கிறிஸ்தவள்தானா என்பதே தீர்மானமாகவில்லை. அப்படிப்பட்டவள் அரிசியும் கையுமாக வந்து நின்றால் என்ன செய்வார்? “வச்சிட்டுப் போங்க” என்றார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், கோயில் பின்புறத்தில் வெள்ளைக்காரப் பாதிரியாரின் கோழிகள் என் பிடி அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தன. நல்லா கொழுத்த கோழிகள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று பாட்டே பாடவில்லை.

அன்றிலிருந்து அரிசியை வெளியே கொண்டுபோகவில்லை. எடுத்து வைக்கும் பழக்கத்தை விடவும் முடியவில்லை. பானை நிறையும், வண்டு விழும், புடைத்துக் காயவைத்து மறுபடி போடுவேன். கொடுக்க ஆள் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் லில்லி தன் வழியில் வளர்ந்துவிட்டாள். தமிழ் ஜெபம் பாதி வழியில் இங்கிலீஷாகிவிடுகிறது. மீனுக்கும் வாழைப்பழத்துக்கும் மலாய்ப் பெயர்தான் வாயில் வருகிறது. உறவுமுறை சுத்தமாகத் தெரியாது. சொந்தபந்தம் ஒருவரும் இல்லாத ஊரில் எப்படித் தெரியும்? சின்ன வயதில் ஒருநாள், “அப்பாவைவிடப் பெரியவர்னா பெரியப்பா” என்று சொல்லிக்கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, தலை நரைத்த தமிழர் யாரைக் கண்டாலும் பெரியப்பாதான். தபால்காரர் பெரியப்பா, மளிகைக்கடைக்காரர் பெரியப்பா. எத்தனை தடவை தலையில் குட்டியிருப்பேன். கண்டவர்களையெல்லாம் அப்படிக் கூப்பிடாதே, அது நம் வீட்டு உறவு என்று சொன்னால், “அப்ப நம்ம வீட்டுப் பெரியப்பா எங்கே?” என்று திருப்பிக் கேட்பாள்.

3

நம் வீட்டுப் பெரியப்பா சோழவந்தான் பக்கத்தில் வயலும் கிணறுமாக இருந்தார். என் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா மதுரைக்குப் படிக்க வந்து, ஞானஸ்நானம் பெற்று, செல்லூரில் பள்ளிக்கூட வாத்தியாராகி, பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணான என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவர் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வந்தது. பெரியப்பா கட்டுப்பாட்டை மீறவில்லை. தம்பியை விடவும் இல்லை. மதுரைக்கு வண்டி கட்டி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் மாட்டை அவிழ்ப்பார். வெள்ளரிக்காய், கடலை, ஒரு தடவை பால்குடி மறந்த ஆட்டுக்குட்டி என்று எதையாவது கொண்டுவந்து இறக்குவார்.

சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் வீடு இரண்டாகிவிடும். சமைத்த சோறு ஆகாது, பச்சரிசி புழுங்கலரிசி எதுவானாலும் அரிசியாக வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. அதுதான் வழக்கம். அம்மா சுளகில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வத்தல் எல்லாம் பாங்காக எடுத்து வைத்து முற்றத்தில் கொண்டுபோய் வைப்பாள். பெரியப்பா வேப்பமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி, கூடவே கொண்டுவந்த வெண்கலப் பானையில் தானே பொங்குவார். அந்த நேரத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. முக்கியமாக, “சாப்பிட வாங்க” என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. “அவுகளுக்குச் சங்கடமாப் போயிரும்” என்பாள் அம்மா.

ஒருநாள் அம்மா அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். பெரியப்பா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“ஏத்தா, உங்கம்மா என்ன கொழம்பு வச்சிருக்கா? தெருவே மணக்குதே!”

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகம் சிவந்துவிட்டது. வாசம் அவரைச் சங்கடப்படுத்துகிறதே என்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டாள். பெரியப்பா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உப்பும் வத்தலும் கரைத்த பருப்புத் தண்ணியை ஊற்றிச் சாப்பிட்டு முடித்து, பானையைக் கழுவிக் கவிழ்த்தார். உள்ளே அப்பா மீனைத் தொடாமல் எழுந்துவிட்டார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அண்ணன் தம்பி அவர்கள்.

என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். எடுப்புக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பிய அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றார்.

“அண்ணன் நம்ம வீட்ல ஒரு வாய்ச் சோறு திங்காமலே போயிட்டாரு” என்றார்.

“கேட்டாச் சங்கடப்படுவாகன்னுதான் நான் கேக்கல” என்றாள் அம்மா.

அம்மாமேல் அன்று எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அடுத்தவர் வழக்கத்தை மதிப்பதில் என் அம்மாவைப்போல ஒருத்தி உண்டா என்றுதான் நினைத்தேன். அதே மரியாதையைச் சீதனம்போலக் கட்டிக்கொண்டு கப்பலேறினேன்.

4

போன வருஷம் ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக மூடினார்கள். கூலி ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப, கூட்டம் கூட்டமாக ரயிலில் ஏற்றிப் பினாங்குக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது சர்க்கார். ஒருநாள் காலையில் காப்பி குடிக்க வந்த என் வீட்டுக்காரர் சொன்னார்:

“நம்ம மதுரைப் பக்கத்து ஆளுக ஒரு கூட்டம் வந்து பிளாட்பாரத்துல உக்காந்திருக்கு. மத்தியான வண்டிக்குப் போறாக. சோறு போடுற காண்டிராக்ட்காரன இன்னும் காணோம். பிள்ளைகெல்லாம் அழுகுது.”

அவர் போனதும் என் கண் பானைமேல் விழுந்தது. நிறைய அரிசி. இத்தனை நாள் ஆண்டவர் இதற்காகத்தான் சேர்க்க வைத்தார் என்று மனசு துள்ளியது. பருப்பு, புளி, வத்தல், உப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக முடிந்தேன், அம்மா சுளகில் வைத்ததுபோலவே. அன்று பள்ளிக்கூடம் லீவு. லில்லி பார்த்துக்கொண்டே இருந்தவள், அடுப்பைக் காட்டினாள். அப்போதுதான் வடித்த சோறு அங்கே ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சோறு இருக்கேம்மா. அதக் கொண்டு போயேன்.”

“நம்ம வீட்டுச் சோறு அவங்க சாப்பிட மாட்டாங்கடி.”

“கேட்டியா?”

“கேக்கக் கூடாது. கேட்டாச் சங்கடப்படுவாங்க.”

சொன்னது நான்தான், ஆனால் அம்மாவின் குரல்.

பிளாட்பாரத்தில் மூட்டைகளுக்கு நடுவே ஜனங்கள் சுருண்டு கிடந்தார்கள். ஓரமாக ஒருத்தி, மடியில் நாலு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை. பெயர் பேச்சி என்றாள். என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மருதையா நீங்க?”

“செல்லூரு.”

“ஆத்தாடி! நான் ஆனையூரு தாயி. கூப்பிடு தூரம்!” என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பானையை அவள் முன்னால் இறக்கி வைத்தேன்.

“அரிசி கொண்டாந்திருக்கேன். பருப்பு, புளி எல்லாம் இருக்கு. பொங்கிக்கங்க.”

பேச்சி பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எம்புட்டு அரிசி! இத எங்கிட்டு வச்சுப் பொங்குறது தாயி? அடுப்பு மூட்டக் கூடாதுன்னு இப்பத்தான் ஒரு கிராணி வந்து வெரட்டிட்டுப் போறாரு. சட்டிபானையெல்லாம் தோட்டத்து லயத்து வீட்லயே போட்டுட்டு வரச் சொல்லிட்டாக.”

விரட்டிய கிராணி என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஸ்டேஷன் எல்லைக்குள் தீ மூட்டக் கூடாது என்று உத்தரவு. நான் வெட்கத்தோடு சொன்னேன்: “நாங்க கிறிஸ்தவங்க. எங்க வீட்டுச் சோறு நீங்க சாப்பிட மாட்டீங்களோன்னு...”

“ஏன் தாயி, சோத்துல நஞ்சையா வச்சிருக்கீக?” என்று சிரித்தாள் பேச்சி. “கப்பல்ல வரையிலயே எல்லாரும் ஒரே அண்டாச் சோறுதான் தின்னோம். லயத்துல பக்கத்து வீட்டு உலைதான் பாதி நாளு எங்களுக்கு. சோறாக் கொண்டாந்திருந்தா இந்தப் புள்ளைக்காச்சும் ரெண்டு உருண்டை குடுத்திருப்பேன்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்குள் அந்தப் பிள்ளை பானைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது. கடக் கடக் என்று சத்தம் கேட்டது.

“இருங்க, இந்தா வாரேன்” என்று எழுந்து ஓடினேன். புடவை தடுக்க, செருப்பு ஒரு பக்கம் போக, சரக்குக் கொட்டகையைச் சுற்றி ஓடினேன். பாதி வழியில் லில்லி எதிரே வந்தாள். சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேலே ரசச் சட்டியைக் கவிழாமல் பிடித்துக்கொண்டு, தானாகவே வந்துகொண்டிருந்தாள். பானையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினோம். வண்டி முன்னதாகவே வந்து, எல்லாரையும் அடைத்து ஏற்றி, ஊதிவிட்டது. நாங்கள் பிளாட்பாரத்தில் ஏறும்போது சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. லில்லி பெட்டியோடு கூடவே ஓடினாள். ஜன்னலில் பேச்சி தெரிந்தாள். முந்தானையில் முடிந்த அரிசியைத் தூக்கிக் காட்டி, “ஊர்ல போய்ப் பொங்கித் திங்குறேன் தாயி!” என்று கத்தினாள். வண்டி போய்விட்டது, என் மண்பானை மட்டும் பிளாட்பாரத்தில் கிடந்தது. சோற்றுப் பானை என் இடுப்பைச் சுட்டுக்கொண்டிருந்தது.

“அங்க தீ மூட்டலாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டில். காலையில் லில்லி கேட்டதையேதான் அவரும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

அன்றிலிருந்து பெரியப்பாவின் முகம் என்னை விடவில்லை. “தெருவே மணக்குதே” என்று அவர் ஏன் கேட்டார்? சும்மா கேட்டாரா? அம்மா ஒரே ஒரு தடவை, “சாப்பிட வாங்க மச்சான்” என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஊர்க்கட்டுப்பாடு லேசானதல்ல. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் அவர். அவருக்குப் பதில் நாங்களே சொல்லிக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொண்டோம். இனி யாரிடம் போய்க் கேட்பது? பெரியப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பேச்சி ஆனையூரில் இருக்கிறாளோ, பிழைக்க வேறு எங்கே போனாளோ.

ஆண்டவரும் வெட்டவெளியில் பெருங்கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டவர்தான். புல்தரையில் உட்கார வைத்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு படி மாவைக் கொடுத்து, உங்கள் வழக்கப்படி சுட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பவில்லை. இந்த வசனப்பகுதியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவர் கொடுத்தது சுட்ட அப்பம் என்பது கண்ணில் பட்டதே இல்லை.

சீஷன் யார் என்று என்னிடம் கேட்ட இந்த வருஷத்து அந்த வார ஞாயிறு, லில்லி எல்லார் முன்னாலும் நின்று, நான் சொல்லிக்கொடுத்த பதிலைத் தடுமாறாமல் சொன்னாள். ஆண்டவருக்குப் பின்னால் நடந்து, அவர் செய்ததைச் செய்கிறவரே சீஷர். ஐயர் தலையை ஆட்டினார், செக்ரட்டரிகூடச் சிரித்தார். நான் மட்டும் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

6

எங்கள் குவார்ட்டர்ஸ் சாக்கடை தள்ள வருகிறவர் முனியாண்டி. ராமநாதபுரத்துப் பக்கம். என் அப்பா வயதிருக்கும். ஆனாலும் இத்தனை வருஷமும் “முனியாண்டி, வா, போ” என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கிறிஸ்மஸுக்குப் பின்வாசலில் அரிசி கொடுப்பேன். அவர் துண்டை விரித்துப் பிடிப்பார், நான் மேலேயிருந்து கொட்டுவேன்.

திங்கட்கிழமை மத்தியானம், அரிசியைப் பானையில் எடுத்துப் போடாமல் எல்லாவற்றையும் உலையில் போட்டேன். மீன் குழம்பு வைத்தேன். நாங்கள் சாப்பிடும் தட்டில் சோற்றைப் போட்டுப் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். முனியாண்டி கை கால் கழுவிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“முனியாண்டி...”

“இந்தா வந்துட்டேம்மா” என்று துண்டை உதறி விரித்தார்.

“அரிசி இல்ல. சோறு.”

அவர் தட்டைப் பார்த்துத் தயங்கினார். “பாத்திரம் கொண்டாரலையேம்மா. நாளைக்குக் கொண்டாரேன்.”

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. காலையிலிருந்து அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எனக்குக் கூச்சமா, அவருக்குச் சங்கடம் என்று பயமா, எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

“பெரியப்பா, உள்ள வந்து சாப்பிடுங்க” என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல். “சோறு ஆறிடும்.”

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த லில்லி, பையைக்கூட இறக்காமல் நின்றாள். அன்றைக்கு அவள் தலையில் நான் குட்டவில்லை. செல்லூரில் வேப்பமரத்தடியைப் பார்த்து என் வீட்டில் ஒருத்தரும் சொல்லாமலே போன வார்த்தை, தமிழ் சரியாக வராத இந்தப் பிள்ளை வாயிலிருந்து வந்து விழுந்தது. இருபது வருஷம் தாமதம்.

முனியாண்டி துண்டை மடிக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாதி சாத்தியிருந்த அடுப்படிக் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.